போதைப்பொருள்: தண்டனையா, மருந்தா? (இளைஞர் படிப்பு வட்டப் பாடம்)



கோலசிலாங்கூர் வட்டாரப் படிப்பு வட்டத்துக்கு இந்த மாதப் பாடத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மருத்துவம் படிப்பவன் இல்லை, பொறியியல் மாணவன். ஆனாலும் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் எளிது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, ஜெராம் என்று நம் கிளைகள் இருக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், "அந்த வீட்டுப் பையன் கெட்டுப் போயிட்டான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு வீடாவது இருக்கிறது. அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. பேசாததால் அந்த வீட்டுக்கு உதவியும் போய்ச் சேருவதில்லை.

இந்தப் பாடத்தில் மூன்று கேள்விகள். போதைப்பொருள் உடம்பில் என்ன செய்கிறது? நம் நாட்டுச் சட்டமும் ஆய்வும் என்ன சொல்கின்றன? இதில் நம்மைப் போன்ற இளைஞர்களின் வேலை என்ன? வகுப்பில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கடைசியில் கலந்துரையாடலுக்கான கேள்விகள் உள்ளன.

1. இது புதிய கதை அல்ல

"அந்தக் காலத்துல இதெல்லாம் கிடையாது" என்று தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். சியாபு இல்லைதான். ஆனால் போதை இருந்தது, அதை விற்றதும் சட்டப்படிதான் நடந்தது. மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சி அபினை லைசென்ஸ் கொடுத்து விற்றது. 1910 முதல் அரசாங்கமே அந்த வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில், சில ஆண்டுகளில் அரசாங்க வருமானத்தில் பாதி வரை அபினிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல்தான் அபின் வியாபாரத்தைக் கைவிடப்போவதாக லண்டன் அறிவித்தது.

அபின் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களைப் பிடித்தது. தமிழ்த் தொழிலாளிக்கு வைத்தது கள்ளுக்கடை. பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசு, சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போனது.

நாம் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் அது பரவியது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு மட்டுமல்ல. பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, இவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

பாருங்கள், எழுதப் படிக்க வாய்ப்பில்லாத நம் முன்னோர்களே கள்ளுக்கடையைத் தனியாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடமும் மருந்தகமும் மரியாதையும் கேட்ட அதே மூச்சில்தான் கள்ளுக்கடையை மூடு என்றார்கள். போதை என்பது ஒரு தனி மனிதனின் கெட்ட புத்தி மட்டும் அல்ல, அவன் வாழும் நிலைமையோடு சேர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நம் வட்டாரம் எவ்வளவோ மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. லயத்தில் ஒரு பையன் தவறான வழியில் போனால், பக்கத்து வீட்டுப் பாட்டியே காதைத் திருகுவார். நாலாவது மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. பெரட்டுக்களமும் கோயில் திடலும் போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. அந்த வெற்றிடத்துக்குள் முதலில் நுழைந்தவன் சரக்கு விற்பவன்.

2. உடம்பில் என்ன நடக்கிறது?

இங்கே என் படிப்பு கொஞ்சம் உதவும். லயத்துக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கிக் குழாய் திறக்கும். நிரம்பினால் மிதவை ஏறிக் குழாய் அடைபடும். யாரும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, தொட்டி தன்னைத்தானே சமநிலையில் வைத்துக்கொள்கிறது.

நம் மூளையும் இப்படித்தான். வலியைக் குறைக்கவும் மகிழ்ச்சியைத் தரவும் தேவையான இரசாயனங்களை அது தானே அளவோடு சுரக்கிறது. ஹெராயின் என்பது வெளியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றுவது போல. தொட்டி நிரம்பி வழிகிறது, மிதவை மேலேயே நிற்கிறது, குழாய் மூடியே கிடக்கிறது. மாதக் கணக்கில் இப்படி ஊற்றினால் அந்தக் குழாய் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு நாள் வாளி நின்றுபோனால் என்ன ஆகும்? தொட்டி காய்ந்துவிடும், குழாயும் திறக்காது.

அதுதான் ஹெராயினை நிறுத்தியவர் படும் பாடு. கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள் அது ஆரம்பிக்கும். உடம்பு வலி, நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று சில நாள்கள் ஆளைப் புரட்டிப் போடும். அந்த நேரத்தில் அவர் தேடுவது சுகத்தை அல்ல. வலி நிற்க வேண்டும் என்றுதான் மறுபடியும் தேடுகிறார். "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். மனம் வேண்டும்தான், ஆனால் துருப்பிடித்த குழாயை மனசு மட்டும் திறக்காது. நாளும் மருந்தும் துணையும் சேர்ந்துதான் திறக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில மாதம் நிறுத்தியிருந்தவரின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வந்தவுடன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தான நாள்கள். இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சியாபு வேறு வகை. அதன் பெயர் மெத்தாம்பெட்டமின். 1893-இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி இதை முதலில் தயாரித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய, ஜப்பானியப் படைவீரர்கள் களைப்புத் தெரியாமல் விழித்திருக்க இதையே மாத்திரையாக விழுங்கினார்கள். இன்று நீண்ட தூரம் லோரி ஓட்டுபவரும் இரவு ஷிப்ட் செய்பவரும் இதில் விழுவதற்கும் அதே காரணம்தான்: "தூக்கம் வராது, ரெண்டு ஆள் வேலை செய்யலாம்." உண்மையில் அது புதிய சக்தி எதையும் தருவதில்லை. நாளைக்கும் நாளன்றைக்கும் வைத்திருந்த சேமிப்பை இன்றைக்கே எடுத்துச் செலவழிக்க வைக்கிறது. பிறகு உடம்பு மெலியும், பல் கெடும், தூக்கம் போகும். "என்னை யாரோ பின்தொடர்றாங்க" என்ற சந்தேகம் வரும். சிலருக்கு அது முழு மனநோயாகவே மாறிவிடும். நம் நாட்டில் இன்று பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் ஹெராயின் அல்ல, இந்த வகைதான் பயன்படுத்துகிறார்கள்.

3. சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம். இது தண்டனைச் சட்டம். இதன் 15-ஆவது பிரிவின்படி, போதைப்பொருளைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கும். 39பி பிரிவு கடத்தலுக்கு உரியது. 15 கிராம் ஹெராயின், 50 கிராம் சியாபு, 200 கிராம் கஞ்சா, இந்த அளவை எட்டிவிட்டால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். "இல்லை" என்று நிரூபிக்கும் பாரம் பிடிபட்டவர் தலையில் விழும். 15 கிராம் என்பது நாலு தேக்கரண்டி சீனி கூட இல்லை. 1983 முதல் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டம் "கட்டாயம்" என்பதை நீக்கியது. ஆனால் மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. நீதிபதி விரும்பினால் அதற்குப் பதில் ஆயுள் சிறை விதிக்கலாம், அவ்வளவுதான்.

எல்லை தாண்டினால் நிலைமை இன்னும் கடுமை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் சிங்கப்பூர் எல்லையில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து கருணை மனுக்கள் போயின. 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். சரக்கின் முதலாளிகள் எல்லைப்பக்கம் வருவதில்லை. பணமுடையில் இருக்கும் நம் வீட்டுப் பையனைத்தான் அனுப்புகிறார்கள். "ஒரு பார்சல் கொண்டு போய்க் கொடுத்துடு, ஐந்நூறு வெள்ளி தர்றேன்" என்று யார் சொன்னாலும், அது நண்பனாக இருந்தாலும், பதில் "முடியாது" என்பது மட்டும்தான்.

இரண்டாவது, 1983-ஆம் ஆண்டு போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம். இதன்படி சிறுநீர்ச் சோதனையில் பித்தர் என்று உறுதியானவரை, மாஜிஸ்திரேட் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம், அதன்பின் கண்காணிப்பு. அல்லது மையத்துக்கு அனுப்பாமல் வெளியிலேயே கண்காணிப்பில் வைக்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது: ஒருவர் பிடிபடும் வரை காத்திராமல், தானாகவே போய் "எனக்குச் சிகிச்சை வேண்டும்" என்று விண்ணப்பிக்கலாம். ஏஏடிகே என்று நாம் சொல்லும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம் 2010 முதல் தானாக வருகிறவர்களுக்கென்று தனிக் கிளினிக்குகளையும் நடத்திவருகிறது.

நாட்டில் இதைப் பற்றிய சிந்தனையும் மாறிக்கொண்டிருக்கிறது. 1983 பிப்ரவரி 19-இல் போதைப்பொருள் நாட்டின் முதல் எதிரி என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாளைத்தான் இன்றும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக அனுசரிக்கிறோம். 2019 ஜூனில், அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அமாட், சொந்தப் பயனுக்காகச் சிறிதளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக அல்லாமல் நோயாளியாக நடத்தும் திட்டத்தை அறிவித்தார். கடத்துவோருக்குத் தண்டனை அப்படியே தொடரும் என்றும் சொன்னார். போர்த்துகல் இதை 2001-லேயே செய்துவிட்டது. அங்கே போதைப்பொருள் சட்டபூர்வமானதல்ல. ஆனால் பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, மருத்துவரும் சமூக சேவகரும் இருக்கும் ஒரு குழுவின் முன்னால் போகிறார். நம் நாட்டில் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. 2024-இல் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. இந்த வேலை உள்துறை அமைச்சிடம் இருக்க வேண்டுமா, சுகாதார அமைச்சிடம் போக வேண்டுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

4. ஆய்வு என்ன சொல்கிறது?

"ரெண்டு வருஷம் உள்ள போட்டா திருந்திடுவான்." இது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது. அன்பில்தான் சொல்கிறார்கள். சரி, அது உண்மையா என்று அளந்து பார்க்கலாமே? நம் நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள்.

2017-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கட்டாயத் தடுப்பு மையத்திலிருந்து வெளியே வந்த 89 பேர், தாங்களாக விரும்பி மெத்தடோன் சிகிச்சைக்குச் சேர்ந்து வெளியே வந்த 95 பேர், ஆக இரண்டு குழுக்கள். எல்லாரும் ஹெராயின் போன்ற அபின் வகைக்கு அடிமையாக இருந்தவர்கள். கட்டாய மையக் குழுவில் பாதிப் பேர் 31 நாளுக்குள் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள். மெத்தடோன் குழுவில் பாதிப் பேர் திரும்ப விழ 352 நாள் ஆனது. ஒரு பக்கம் ஒரு மாதம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

வகுப்பில் யாராவது கேட்பீர்கள்: "தானா வந்தவனுக்கு ஏற்கெனவே மனசு இருக்கும், அதனால ஜெயிச்சிருப்பான் இல்லையா?" நல்ல கேள்வி. ஆய்வாளர்களும் அதை யோசித்தார்கள். இரண்டு குழுவினரின் வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்த பிறகும், தானாக வந்த குழுவில் மறுபடி விழும் அபாயம் 84 விழுக்காடு குறைவாகவே இருந்தது.

இதற்கு முன்பே மூவாரில் ஓர் ஆய்வு நடந்தது. ஹெராயினை நிறுத்திய 126 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்கு புப்ரெனோர்பின், இன்னொன்றுக்கு நால்ட்ரெக்சோன், மூன்றாவதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. புப்ரெனோர்பின் குழு மற்றவர்களைவிட நீண்ட நாள் ஹெராயினைத் தொடாமலும் சிகிச்சையை விடாமலும் இருந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். முடிவு 2008-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஆலோசனை எல்லாருக்கும் ஒன்றுதான், வித்தியாசத்தைத் தந்தது மருந்து என்பதைக் கவனியுங்கள்.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்று மெத்தடோனைப் பற்றிக் கேட்பார்கள். தொட்டியை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். வாளியால் ஊற்றுவது ஹெராயின். மெத்தடோன் என்பது மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விடுவது. தொட்டி காயாது, வழியவும் வழியாது. அது உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் ஒரு நாளைக்கு ஒருமுறை குடித்தால் போதும். அந்த அமைதியில் ஆள் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். துருவும் மெல்ல இளகும்.

இன்னொரு கணக்கு. 2002-இல் நம் நாட்டில் எச்ஐவி புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 6,978 பேர். பெரும்பாலோருக்கு அது வந்தது ஊசியைப் பகிர்ந்துகொண்டதால். 2005 அக்டோபரில் மெத்தடோன் திட்டமும், 2006-இல் பழைய ஊசிக்குப் புதிய ஊசி கொடுக்கும் திட்டமும் தொடங்கின. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பத்து வருடம் கழித்து, ஆண்டுக்கு வரும் புதிய தொற்று பாதியாகக் குறைந்திருந்தது. அதில் ஊசி வழி வந்தவர்களின் பங்கும் பெரிதும் குறைந்திருந்தது. ஊசி போட்டவரோடு அந்த நோய் நிற்கவில்லை, வீட்டிலிருந்த மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் போனது. திட்டம் காப்பாற்றியது அவர்களையும்தான்.

சியாபுவுக்கு மெத்தடோன் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சியாபுவை விடவைக்க இன்றுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட மாத்திரை கிடையாது. அங்கே பலன் தருவது தொடர்ந்த ஆலோசனை, குடும்பத்தைச் சேர்த்து நடத்தும் பயிற்சி, சோதனையில் சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெகுமதி, இப்படி மனிதர் மனிதரோடு செய்யும் வேலை. மருந்துக்கடையில் கிடைக்காத அந்த உதவிக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

5. கள்ளுண்ணாமைக்கு அடுத்து

கள் பஞ்சமா பாதகங்களில் ஒன்று என்று சமய வகுப்பில் எல்லாரும் படித்திருக்கிறோம். திருக்குறளில் 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. பேச்சுப் போட்டியில் போதையைப் பற்றிப் பேசும் எல்லாரும் இந்த அதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம். இன்னும் இரண்டு அதிகாரம் புரட்டுங்கள். 94 சூது, 95 மருந்து. விலக்க வேண்டியதைச் சொன்ன வள்ளுவர், அங்கேயே நிற்காமல் நோயையும் தீர்வையும் பேசப் போகிறார். நோய் எது, அது எதனால் வந்தது, எப்படித் தணியும் என்று ஆராய்ந்து செய்யச் சொல்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நால்வகை என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர்.

அந்த நான்காவது ஆள்தான் இந்தப் பாடத்தின் மையம். நோயாளி இருக்கிறார். மருத்துவர் அரசு கிளினிக்கில் இருக்கிறார். மருந்தும் இருக்கிறது. நம் தோட்டங்களில் இல்லாமல் போனது நான்காவது ஆள்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் மெத்தடோன் எடுக்கிறார். ஆரம்பத்தில் தினமும் கிளினிக்குக்குப் போய் அங்கேயே குடிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கே நாலு கிலோமீட்டர். பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அவர் மோட்டார் எப்போதோ அடகுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் தவறினார். மூன்றாம் நாள் அவர் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "தம்பி, நீ காலேஜ் போற வழிதானே, இவனையும் ஏத்திக்கிட்டுப் போறியாப்பா?" என்று கேட்டார். அந்த அம்மா என் அம்மாவிடம்கூட இதை வாய் திறந்து சொன்னதில்லை. அப்புறம் நானும் இன்னும் இரண்டு நண்பர்களும் முறை வைத்துக்கொண்டோம். போகும் வழியில் நாங்கள் அறிவுரை எதுவும் சொல்வதில்லை. பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவோம். ஒரு நாள் அவரே சொன்னார்: "மருந்தைவிட இதான்டா, காலையில எனக்காக ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான் பாரு, அதான்." அவர் இன்னும் முழுதாக மீண்டுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்குப் போய்க் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். நாளைக்கும் போக வேண்டும்.

இதை ஒரு கிராமமே சேர்ந்து செய்த கதை தமிழ்நாட்டில் உண்டு. கணவரைக் குடிப்பழக்கத்துக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாத ஏழை விவசாயத் தொழிலாளிகளுக்காக, தஞ்சை வட்டாரத்திலுள்ள மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். ஊருக்குள்ளேயே முகாம். மருத்துவக் குழு ஊருக்கு வந்தது, ஊர்க்காரர்கள் ஆதரவு தந்தார்கள், குடும்பத்தாரும் சிகிச்சையில் கலந்துகொண்டார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அது குடிநோய்க்காக நடந்த முகாம்தான். ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும்: ஊரறியத் தொடங்கிய சிகிச்சையை ஊரே காவல் காக்கிறது.

6. நம்மால் முடிந்தவை

முதலாவது, பேச்சை மாற்றுவோம். "கஞ்சாக் கேஸ்", "தண்டம்" என்று பெயர் வைத்துக் கூப்பிடுவதை நம் கிளைகளில் நிறுத்துவோம். பெயர் வைத்த இடத்துக்கு அந்தப் பையன் உதவி கேட்டு வரமாட்டான்.

இரண்டாவது, குடும்பத்துக்கு வழி காட்டுவோம். மானம் போய்விடும் என்று அறையில் பூட்டி வைப்பதும், கட்டி வைத்து அடிப்பதும், "ஒரே ஊசியில குணமாக்குறேன்" என்பவரிடம் பணம் கட்டுவதும் வேண்டாம். அரசு கிளினிக்கிலோ ஏஏடிகே மாவட்ட அலுவலகத்திலோ தானாகப் போய்க் கேட்கலாம் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. கூடப் போய் பாரத்தை நிரப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, போக்குவரத்து. எந்தத் தோட்டத்திலிருந்து யார் கிளினிக்குப் போக வேண்டியிருக்கிறது, யாரிடம் மோட்டார் இருக்கிறது என்று கிளைக்கு ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். விஷயம் அந்த ஒருவரோடு நிற்க வேண்டும்.

நான்காவது, திரும்பி வந்தவருக்கு இடம். மையத்திலிருந்து வந்தவருக்குத் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலிலோ அன்னதானத்திலோ ஒரு வேலை கொடுங்கள். பணப்பெட்டியை உடனே கொடுக்க வேண்டியதில்லை. கரண்டியைக் கொடுக்கலாம். முதல் 31 நாள் என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். அந்த நாள்களில் மாலை நேரம் சும்மா கிடந்தால் பழைய கூட்டாளிதான் முதலில் கூப்பிடுவான். அவனுக்கு முன்னால் நாம் கூப்பிட வேண்டும்.

ஐந்தாவது, உயிர் காக்கும் முதலுதவி. ஒருவர் மயங்கி, மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் அது உயிர் போகும் நேரம். 999-க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், மோர், உப்புக்கரைசல் எதையும் ஊற்றாதீர்கள். "போலீஸ் வருமே" என்று பயந்து விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

இதையெல்லாம் செய்வதால் விற்பவனுக்கு நாம் பரிவு காட்டுகிறோம் என்று அர்த்தமில்லை. விற்பவனைப் பற்றி போலீசுக்குச் சொல்லுங்கள். விழுந்தவனை மருத்துவரிடம் சேருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் இத்தனை நாள் விற்பவன் தைரியமாகவும் விழுந்தவன் ஒளிந்தும் வாழ்கிறார்கள்.

கலந்துரையாடலுக்கு

1. 1941 வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. இன்று நம் வட்டாரத்துக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதினால் அதில் என்னென்ன இருக்கும்?

2. கட்டாய மையம், தானாக வந்த சிகிச்சை, இரண்டுக்கும் இடையிலான 31 நாள், 352 நாள் வித்தியாசத்துக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

3. நம் கோயில் நிர்வாகத்திடம், மறுவாழ்வு பெற்றுத் திரும்பியவருக்கு ஒரு தொண்டு வேலை கேட்டால் என்ன பதில் வரும்? அந்தத் தயக்கத்தை எப்படி மரியாதையோடு போக்கலாம்?

4. ஒரு நண்பர் நம்மிடம் இரகசியமாகச் சொன்னால், எதுவரை இரகசியம் காக்கலாம், எப்போது பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்?

அடுத்த வகுப்புக்கு முன் ஒவ்வொரு கிளையும் ஒரு வேலை செய்து வர வேண்டும்: உங்கள் தோட்டத்துக்கு மிக அருகில் மெத்தடோன் கொடுக்கும் கிளினிக் எது, அதன் நேரம் என்ன, அங்கே போய்ச் சேர என்ன வழி என்று நேரில் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.